வீடு கிடைத்தது, மாடிப்படி யாருக்கு?

அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய 'சோவியத் நாடு' இதழ்களில் ஒரு படம் அடிக்கடி வரும். ஒரே படம் இல்லை, ஒரே மாதிரியான படங்கள். புதிதாகக் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம். வாசலில் மூட்டை முடிச்சுகளோடு ஒரு குடும்பம். அம்மாவின் கையில் சாவி. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. சின்ன வயதில் அந்தப் படங்களை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். நாங்கள் அப்போது வாடகை வீட்டில் இருந்தோம்.

போன மாதம் ஒரு நண்பரிடம் அந்த இதழ்களைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆட்சியே போயிடுச்சே, இந்த வீடெல்லாம் இப்ப யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார். "அரசாங்கம் வித்திருக்கும்" என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு படித்துப் பார்த்தால் நான் சொன்னது தப்பு. ரஷ்யாவில் விற்கவில்லை. உள்ளே குடியிருந்தவர்களுக்கே சும்மா எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து நாடுகளில் வேறு வேறு வழிகள். ஒரே மாதிரி கட்டடங்கள், முப்பது வருடத்தில் வேறு வேறு கதி. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

ஐந்து மாடிக் கட்டடத்தின் கதை

1917 புரட்சிக்குப் பிறகு, நகரங்களில் வசதியானவர்கள் வைத்திருந்த பெரிய வீடுகளை அரசு எடுத்துக்கொண்டு, அறைக்கு ஒரு குடும்பம் என்று பிரித்துக் கொடுத்தது. 'கொம்முனால்கா' என்று அதற்குப் பெயர். ஐந்தாறு குடும்பங்களுக்கு ஒரே சமையலறை, ஒரே கழிவறை. யார் எப்போது குளிப்பது, யாருடைய விளக்குக்கு யார் மின்கட்டணம் கட்டுவது என்று தினமும் ஒரு தகராறு. தொழிற்சாலை வேலைக்காகக் கிராமத்தை விட்டு வந்தவர்கள் பெருகப் பெருக நெரிசல் கூடியது. இரண்டாம் உலகப் போரில் பல நகரங்கள் தரைமட்டமாயின. ஸ்டாலின் காலத்தில் கட்டிய குடியிருப்புகள் உயரமான கூரை, தூண், சிற்ப வேலை என்று கம்பீரமாக இருந்தன. ஆனால் தேவைக்கு எந்த மூலைக்கும் பற்றவில்லை.

ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷேவ், 1954 டிசம்பரில் கட்டுமானத் துறையினரின் மாநாட்டில் இந்த அலங்காரங்களைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். 1957 ஜூலையில் கட்சியும் அரசும் சேர்ந்து போட்ட தீர்மானத்தோடு வீடு கட்டும் இயக்கம் வேகமெடுத்தது. குறிக்கோள் எளிமையானது: குடும்பத்துக்கு ஒரு தனி வீடு.

அதற்கு ஒரே வழி, வீட்டையும் தொழிற்சாலையில் செய்வது. சுவர், தளம் எல்லாவற்றையும் கான்கிரீட் பலகைகளாக வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கிப் பொருத்தினார்கள். விதாலி லகுத்தென்கோ என்ற பொறியாளர் வடிவமைத்த 'கே-7' வகை இதில் பிரபலமானது. கூரை உயரம் சுமார் இரண்டரை மீட்டர். சமையலறை ஏறக்குறைய 6 சதுர மீட்டர், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் நுழைய முடியாது. ஐந்து மாடியோடு ஏன் நிறுத்தினார்கள்? அதற்கு மேல் போனால் விதிப்படி லிஃப்ட் வைக்க வேண்டும், செலவு ஏறும். கே-7 உட்படச் சில வகைகள் இருபத்தைந்து வருடம் தாங்கினால் போதும் என்ற கணக்கில் கட்டியவை. அதற்குள் கம்யூனிசம் முழுமையாக வந்துவிடும், எல்லோருக்கும் இதைவிட நல்ல வீடு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை.

மக்கள் இந்தக் கட்டடங்களுக்கு 'குருஷோவ்கா' என்று பெயர் வைத்தார்கள். சேரி என்ற பொருள் தரும் ரஷ்யச் சொல்லோடு சேர்த்து 'குருஷோபா' என்று கிண்டலும் செய்தார்கள். கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும், எலி வளையானாலும் தனி வளை என்று நாம் சொல்கிறோமே, கொம்முனால்காவில் இருபது வருடம் இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கதவைச் சாத்தினால் உள்ளே நம் குடும்பம் மட்டும். இப்படிப் பல கோடிப் பேர் புது வீட்டுக்குப் போனார்கள்.

எல்லா ஊரிலும் ஒரே அச்சு. இதை வைத்தே எல்தார் ரியசானவ் 1975-இல் 'விதியின் விளையாட்டு' என்ற படத்தை எடுத்தார். மாஸ்கோக்காரர் ஒருவர் குடிபோதையில் தவறுதலாக லெனின்கிராட் போய்ச் சேருகிறார். டாக்சியில் ஏறித் தன் முகவரியைச் சொல்கிறார். அங்கேயும் அதே தெருப் பெயர், அதே கட்டட எண், அதே மாதிரி வீடு. தன் சாவியைப் போட்டுப் பார்க்கிறார், பூட்டு திறந்துகொள்கிறது! படத்தில் வருவது குருஷோவ்கா இல்லை, அதற்கு அடுத்த காலத்து உயரமான கட்டடம். ஆனாலும் விஷயம் அதேதான். ரஷ்யாவில் இன்றும் புத்தாண்டு இரவில் தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடுகிறது.

சொந்தமும் இல்லை, வெறும் வாடகையும் இல்லை

அந்தச் சாவியை வைத்திருந்தவருக்கு வீட்டின் மேல் என்ன உரிமை இருந்தது? நம்மூர் வார்த்தைகளில் இதைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம். வீடு அரசுடையது, அல்லது அவர் வேலை பார்த்த தொழிற்சாலையுடையது. ஆண்டுக்கணக்கில் பட்டியலில் காத்திருந்து வாங்கியது. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று 1928-இல் நிர்ணயித்த வாடகைதான் சோவியத் ஆட்சியின் கடைசி வரை. சம்பளத்தில் அது ஒரு சிறு துளி. காலி செய்யச் சொல்வது ஏறக்குறைய நடக்காத காரியம். 'ப்ரொபிஸ்கா' என்ற முகவரிப் பதிவு இருந்தால், அப்பாவுக்குப் பின் பிள்ளை அதே வீட்டில் தொடரலாம். விற்க முடியாது. ஆனால் இன்னொருவரோடு வீட்டை மாற்றிக்கொள்ளலாம், அதில் கைக்குக் கை காசும் புரளும்.

ஆக, விற்கும் உரிமை தவிர மற்றதெல்லாம் இருந்தது. மக்கள் அதை 'என் வீடு' என்றுதான் சொன்னார்கள். கூரை ஒழுகினால் மட்டும் அது அரசின் வீடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1986-இல் கோர்பச்சேவ், 2000-ஆம் ஆண்டுக்குள் எல்லாக் குடும்பங்களுக்கும் தனி வீடு என்று அறிவித்தார். ஐந்து வருடத்தில் அந்த நாடே இல்லாமல் போனது. பட்டியலில் காத்திருந்தவர்கள் காத்திருந்தபடியே நின்றார்கள்.

1991: விண்ணப்பம் கொடுத்தால் வீடு

1991 ஜூலை 4-ஆம் தேதி ரஷ்யக் குடியரசு வீடுகளைத் தனியார்மயமாக்கும் சட்டத்தை இயற்றியது. சோவியத் ஒன்றியம் அப்போது இன்னும் கலையவில்லை. யார் எந்த வீட்டில் பதிவோடு குடியிருக்கிறார்களோ அவர்கள் விண்ணப்பம் கொடுத்தால் வீடு அவர்கள் பெயருக்கு மாறும். முதலில் ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர் வரை இலவசம் என்றிருந்தது. 1992 கடைசியில் திருத்தம் வந்து முழுவதும் இலவசம் ஆனது. சில வருடத் திட்டமாகத்தான் பின்னால் கெடு வைத்தார்கள். கெடுவை நீட்டிக்கொண்டே போய், 2017-இல் காலவரம்பே இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

ஏன் இலவசம்? வாங்கச் சொன்னால் வாங்க யாரிடமும் காசில்லை. 1992 விலைவாசி உயர்வு சேமிப்பையெல்லாம் தின்றுவிட்டது. "இத்தனை வருஷம் குறைஞ்ச சம்பளத்துக்கு உழைச்சோமே, வீட்டுக்கான விலையை அப்பவே கொடுத்தாச்சு" என்ற நியாயமும் மக்களிடம் இருந்தது. இன்னொரு காரணம் கொஞ்சம் தந்திரமானது. அரசிடம் பழுதுபார்க்கப் பணம் இல்லை. வாடகையை ஏற்றினால் கலவரம். சொத்தைக் கைமாற்றிவிட்டால் செலவும் காலப்போக்கில் கைமாறும்.

இதைவிட நேர்மையான பங்கீடு இருக்க முடியுமா என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. எண்ணெய், நிக்கல், உருக்காலை எல்லாம் சிலருடைய கைக்குப் போன அதே வருடங்களில், சாதாரண மக்களுக்கு உருப்படியாகக் கிடைத்தது இந்த வீடு ஒன்றுதான். வேலை போய், சம்பளம் மாதக்கணக்கில் வராமல் இருந்த காலத்தில் அவர்களைத் தெருவுக்கு வராமல் காப்பாற்றியதும் அதுதான்.

ஆனால் இந்தப் பங்கீட்டுக்கு ஒரே அளவுகோல், அன்று நீங்கள் எங்கே பதிவாகியிருந்தீர்கள் என்பது. மாஸ்கோவின் நடுவில் மூன்று அறை வீட்டில் பதிவானவர் திடீர்ப் பணக்காரர். ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் வோர்குட்டா என்ற நிலக்கரி நகரம் இருக்கிறது. அங்கேயும் அதே சட்டம், அதே மாதிரி வீடு. சுரங்கங்கள் மூடியதும் மக்கள் கிளம்பிவிட்டார்கள், மக்கள்தொகை 1989-இல் இருந்ததில் பாதியாகிவிட்டது. பாக்கிக் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விளம்பரம் கொடுக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அரசு கொடுத்தது காகிதத்தில் ஒன்றேதான்.

தொழிலாளர் விடுதியிலும் பெற்றோரின் வீட்டு மூலையிலும் இருந்த இளம் தம்பதிகள் நிலைமை இன்னும் மோசம். பழைய பட்டியல் உறைந்துவிட்டது. புதிய வழியான வங்கிக் கடன் 1990-களில் பெயருக்குத்தான் இருந்தது. ஜேன் ஸவிஸ்கா என்ற சமூகவியலாளர் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ரஷ்யாவில் சொத்து வந்தது, அதற்கான சந்தை வரவில்லை என்பது அவர் வாதம். வீட்டுக் கடன் வந்த பிறகும் பலர் அதை அடிமைச் சாசனமாகவே பார்த்தார்கள் என்கிறார். பாட்டியின் வீடு எப்போது கைக்கு வரும் என்று பேரன் காத்திருப்பது பெரிய நகரங்களில் சாதாரண விஷயமாகிவிட்டது.

இதே கதையை ருமேனியாவின் எண்களில் பார்க்கலாம். 1990-லேயே அரசு வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கு மலிவு விலையில் விற்க ஆரம்பித்த நாடு அது. இன்று சுமார் 95 சதவீதம் பேர் சொந்த வீட்டில் இருக்கிறார்கள், ஐரோப்பிய ஒன்றியத்திலேயே முதல் வரிசை. பணக்கார ஜெர்மனியில் பாதிப் பேர்தான். அதே ருமேனியாவில் சுமார் 40 சதவீதம் பேர் நெரிசலான வீட்டில் வாழ்கிறார்கள், அதிலும் முதல் வரிசை. சொந்த வீடு இருப்பதை வைத்து வசதியை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பெட்டியும் கட்டடமும்

சரி, இப்போது அந்தக் கூரை விஷயத்துக்கு வருவோம்.

நம்மூரில் ஃபிளாட் வாங்கும்போது 'யுடிஎஸ்' எவ்வளவு என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். கட்டடம் நிற்கும் நிலத்தில் நமக்குள்ள பிரிபடாத பாகம் அது. 1991-இல் ரஷ்யக் குடும்பங்களின் கைக்கு வந்த காகிதத்தில் இருந்தது நான்கு சுவருக்குள் இருக்கும் பெட்டி மட்டும். கூரை, மாடிப்படி, அடித்தளம், குழாய்கள், கீழே உள்ள நிலம் இவையெல்லாம் யாருடையவை என்பது வெகு காலம் தெளிவில்லாமலே இருந்தது. கூட்டுச் சொத்து என்று சட்டம் சொன்னாலும், அதை நிர்வகித்தது பழையபடி நகராட்சிதான். பொதுச் சொத்தை வரையறுத்து, அதைப் பராமரிக்கும் கடமை வீட்டுக்காரர்களுக்கே என்று முழுமையாக எழுதிய வீட்டுவசதிச் சட்டம் 2005 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. பதினான்கு வருடம் கழித்து!

பழைய வீட்டுக்காரரான அரசு, கொடுப்பதற்கு முன் பெரிய பழுதுகளைச் சரிசெய்து கொடுத்திருக்க வேண்டும். 1991 சட்டத்தின் 16-ஆம் பிரிவு அந்தக் கடமை அரசைவிட்டுப் போகாது என்றே சொன்னது. ஆனால் பணம் வரவில்லை. 2012 கடைசியில் வந்த சட்டத்தின்படி, பெரும் பழுதுபார்ப்புக்காக ஒவ்வொரு வீட்டுக்காரரும் மாதாமாதம் ஒரு நிதிக்குக் கட்ட வேண்டும். "கட்டினது அவங்க, முப்பது வருஷம் கவனிக்காம விட்டது அவங்க, இப்ப பில்லு மட்டும் எங்களுக்கா?" என்று கோபப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

பெட்டியைத் தனியாகப் பிரிப்பது எவ்வளவு செயற்கையானது என்பதற்கு வெப்பக் குழாயைப் பாருங்கள். குளிர்காலம் மைனஸ் இருபது போகும் ஊர். வீட்டுக்கு வீடு அடுப்பு கிடையாது. ஊருக்குப் பொதுவான நிலையத்தில் தண்ணீரைக் காய்ச்சி நிலத்தடிக் குழாயில் அனுப்புவார்கள். கட்டடத்துக்குள் அது ஒற்றைக் குழாயாக மேலிருந்து கீழே, ஒரு வீட்டின் ரேடியேட்டரிலிருந்து அடுத்த வீட்டின் ரேடியேட்டருக்கு இறங்கும். மேல் வீட்டுக்காரர் அதை அடைத்தால் கீழ் வீட்டுக்காரர் உறைந்துபோவார். அதனால் அடைக்க வால்வே வைக்கவில்லை. மீட்டரும் இல்லை, சதுர மீட்டர் கணக்கில் கட்டணம். சூடு அதிகமானால் ஒரே வழி, ஜன்னலைத் திறந்து வைப்பது!

இப்படி ஒரே நரம்பால் கட்டிய ஒரு பொருளை அறுபது எண்பது சொந்தக்காரர்களாகப் பிரித்தாகிவிட்டது. ஐந்தாம் மாடிக்காரருக்குக் கூரை ஒழுகுகிறது. முதல் மாடிக்காரருக்குச் சாக்கடை நாற்றம். மூன்றாம் மாடிக்காரருக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை, அதனால் காசு கொடுக்க மாட்டார். ஓய்வூதியத்தில் வாழும் பாட்டியிடம் இரண்டு அறை வீடு இருக்கிறது, கையில் காசில்லை. சொத்து உண்டு, வருமானம் இல்லை. அவரவர் தங்கள் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே புது டைல்ஸ், ஜெர்மன் ஜன்னல். கதவைத் திறந்து வெளியே வந்தால் சுண்ணாம்பு உதிர்ந்த மாடிப்படி, உடைந்த தபால் பெட்டி.

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் இதன் உச்சக்கட்டத்தைப் பார்க்கலாம். சோவியத் ஆட்சியின் கடைசி வருடங்களிலேயே பால்கனியை நீட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. 1990-களில் போரும் அகதிகளும் வறுமையும் சேர, இரும்புச் சட்டமும் கான்கிரீட்டும் கொண்டு அவரவர் மாடியிலிருந்து வெளியே ஓர் அறையை இழுத்துக்கொண்டார்கள். நீட்டிய அறைகள் கட்டடத்தின் முகத்தில் கட்டிகள் மாதிரி தொங்குகின்றன. 2013 வெனிஸ் கலைக் கண்காட்சியில் ஜார்ஜியா தன் அரங்கையே இப்படி ஒரு நீட்டிய அறையாக அமைத்து, அதற்குக் 'கமிகாஸே லோஜ்ஜியா' என்று பெயர் வைத்தது. கலையாகப் பார்க்க அழகு. அதில் படுத்துத் தூங்குகிறவர்களுக்குத் தாங்குமா என்ற பயம் எப்போதும் இருக்கும்.

மாஸ்கோ: இடிக்கலாமா, சொல்லுங்கள்

2017 பிப்ரவரியில் மாஸ்கோ மேயர் சொப்யானின், மிச்சமுள்ள குருஷோவ்காக்களை இடித்துவிட்டுப் புதிய கட்டடம் கட்டலாம் என்ற யோசனையைப் புதினிடம் வைத்தார். புதின் சம்மதித்தார். அதே ஜூலையில் சட்டம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள், சுமார் பத்து லட்சம் மக்கள். ஊர் ஓரத்தில் கட்டிய ஐந்து மாடிகள், ஊர் வளர்ந்ததில் இப்போது மெட்ரோவுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. பெட்டிகளின் மதிப்பைவிடக் கீழே உள்ள நிலத்தின் மதிப்பு அதிகம். அங்கே பல மடங்கு உயரக் கட்டடம் எழுப்பலாம்.

இதை வெறும் நில அபகரிப்பு என்று எழுதுவது எளிது, நான் அப்படி எழுதப்போவதில்லை. கட்டடத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால்தான் திட்டத்தில் சேரும். முதலில் வைத்த பட்டியலில் மிகப் பெரும்பாலான கட்டடங்கள் ஆதரித்தே வாக்களித்தன. மாடி ஏற முடியாத முதியவர்கள், துருப்பிடித்த குழாயோடு மல்லுக்கட்டியவர்கள் புது வீட்டை ஏன் வேண்டாம் என்பார்கள்?

வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் பயம் இரண்டு. புது வீடு அளவில் சமமாக இருக்கும் என்றுதான் திட்டம் உறுதி சொன்னது, விலையில் சமம் என்று சொல்லவில்லை. அடுத்தது, என் கட்டடத்தில் மற்றவர்கள் சம்மதித்துவிட்டால் என் சொந்த வீட்டை நான் வைத்துக்கொள்ள முடியாது. குறித்த நாளுக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் மாநகராட்சி நீதிமன்றத்துக்குப் போகலாம். அப்படியானால் 1991-இல் எனக்குக் கொடுத்தது என்ன? 2017 மே 14 அன்று சகாரவ் சாலையில் பல ஆயிரம் பேர் கூடிக் கேட்டது இந்தக் கேள்வியைத்தான்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது வேறொன்று. அந்தச் சில மாதங்களில் மாஸ்கோ முழுக்கக் கட்டடத்துக்குக் கட்டடம் கூட்டம் நடந்தது. இருபத்தைந்து வருடம் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியும் பெயர் தெரியாதவர்கள் முதல்முறையாக நின்று பேசினார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதிர்த்து முறைப்படி தீர்மானம் போட்டால் கட்டடத்தைப் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்பதால், பொதுக்கூட்டம் எப்படிக் கூட்டுவது, நிலத்தை எப்படிப் பதிவு செய்வது என்று தேடிப் படித்தார்கள். நாம் எல்லோரும் சேர்ந்துதான் இந்தக் கட்டடம் என்பது இடிக்க ஆள் வந்த பிறகுதான் பலருக்கு உறைத்தது. கூரை ஒழுகியபோதே இந்தக் கூட்டம் நடந்திருக்க வேண்டும்.

தார்த்து: அதே கட்டடம், வேறு முடிவு

எஸ்டோனியாவில் வீடு முற்றிலும் இலவசம் இல்லை. வேலை பார்த்த வருடங்களைக் கணக்கிட்டு அரசு பத்திரம் கொடுத்தது, அதைக் கொடுத்து வீட்டை வாங்கினார்கள். 1940-க்கு முன் கட்டி அரசு பறித்த வீடுகள் பழைய உரிமையாளருக்கோ அவர் வாரிசுக்கோ திரும்பிப் போயின. அதில் குடியிருந்தவர்களுக்கு எதுவும் இல்லை. அவர்களைக் 'கட்டாய வாடகைதாரர்' என்று அந்த ஊர் மொழியில் சொன்னார்கள். ஒருவருக்கு நீதி செய்யப்போய் இன்னொருவரைத் தெருவில் நிறுத்திய கதை அது, தனியாக எழுத வேண்டியது.

குருஷோவ்கா விஷயத்தில் மட்டும் எஸ்டோனியா ஒரு நல்ல காரியம் செய்தது. 1995-லேயே குடியிருப்போர் சங்கத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. கட்டடத்துக்கு ஒரு சங்கம், சங்கம் ஒரு சட்டபூர்வமான ஆள். அது தன் பெயரில் வங்கியில் கடன் வாங்கலாம், ஒப்பந்தக்காரரை அமர்த்தலாம். பெரும்பான்மை முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும். 2018 முதல் ஒவ்வொரு அடுக்குமாடிக்கும் சங்கம் தானாகவே உண்டு, சேர மாட்டேன் என்று சொல்ல முடியாது. கடனுக்கு உத்தரவாதம் தர 2001-இல் 'கிரெடெக்ஸ்' என்ற அரசு அமைப்பு வந்தது. 2010-க்குப் பிறகு, எவ்வளவு முழுமையாகப் புதுப்பிக்கிறீர்களோ அதற்கேற்ப 15, 25, 35 சதவீதம் மானியம் கொடுத்தார்கள்.

இதன் விளைவைத் தார்த்து நகரத்தில் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு திட்டத்தின் கீழ், ஊர் நடுவே இருந்த சுமார் பதினெட்டு குருஷோவ்காக்களைப் புதுப்பித்தார்கள். வெளிச்சுவருக்குத் தடிமனான வெப்பப் போர்வை, புது ஜன்னல், வெப்பத்தை மீட்கும் காற்றோட்டக் குழாய், கூரையில் சூரியத் தகடு. சுவர்களில் பெரிய ஓவியங்கள். முதலில் எல்லாச் சங்கங்களும் சம்மதிக்கவில்லை. "எண்பது வயசில் எனக்கு எதுக்குக் கடன்?" என்பது நியாயமான கேள்விதானே. கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டுத்தான் வாக்கு சேர்ந்தது.

தார்த்துவையும் மாஸ்கோவையும் அப்படியே ஒப்பிடுவது சரியில்லை, ஒத்துக்கொள்கிறேன். தார்த்துவில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. நில விலை அழுத்தம் குறைவு, ஐரோப்பிய மானியம் உண்டு. எல்லாக் கட்டடங்களும் ஒரே தரமும் இல்லை, கே-7 போன்ற மெல்லிய பலகை வீடுகளை இடிப்பதே மேல் என்று பொறியாளர்கள் சொல்லக்கூடும். ஆனாலும் இருபத்தைந்து வருடக் கணக்குப் போட்டுக் கட்டிய காலத்தின் வீடு, அறுபது வருடம் கழித்தும் வசதியாக வாழக்கூடியதாக இருக்க முடியும் என்பது அங்கே நிரூபணமாகிவிட்டது.

கிழக்கு ஜெர்மனி: கொடுக்காமல் விட்டால்?

மூன்றாவது வழி, வீட்டைப் பிரித்துக் கொடுக்காமலே விடுவது. கிழக்கு ஜெர்மனியின் பலகை வீடுகள் 1990-க்குப் பிறகு பெரும்பாலும் நகராட்சி நிறுவனங்களிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் பழைய கடனோடு சேர்ந்து போயின. குடியிருந்தவர் வாடகைதாரராகவே தொடர்ந்தார்.

வேலை தேடி மக்கள் மேற்கே போனதில் 2000 வாக்கில் சுமார் பத்து லட்சம் வீடுகள் காலி. ஹாலே-நாய்ஷ்டாட் போன்ற நகர்ப்பகுதியில் மக்கள்தொகை பாதியானது. 2002-இல் ஒரு திட்டம் போட்டு, அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் சுமார் 3 லட்சம் வீடுகளை அகற்றினார்கள். கட்டடத்துக்கு ஒரே சொந்தக்காரர் என்பதால் அதைக் கையாளுவது சுலபம். லைனஃபெல்டே என்ற சிற்றூரில் 180 மீட்டர் நீளக் கட்டடம் ஒன்றில் இடையிடையே துண்டுகளை வெட்டி எடுத்து, மிச்சத்தை எட்டுச் சிறு கட்டடங்களாக மாற்றினார் ஷ்டெஃபான் ஃபோர்ஸ்டர் என்ற கட்டடக் கலைஞர். வோர்குட்டாவில் இதைச் செய்ய ஒவ்வொரு பெட்டிக்காரரையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆனால் ஒரே சொந்தக்காரர் என்றால் ஒரே கையெழுத்தில் விற்கவும் முடியும். 2006-இல் டிரெஸ்டன் நகராட்சி தன்னிடமிருந்த சுமார் 48,000 வீடுகளையும் ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு மொத்தமாக விற்றது. நகராட்சியின் கடன் முழுவதும் அடைந்தது. பத்து வருடத்தில் வாடகை ஏறி, ஏழைகளுக்கு வீடில்லை என்ற நிலை வந்தது. 2017-இல் அதே நகராட்சி புதிதாக ஒரு வீட்டு நிறுவனத்தைத் தொடங்கி, மறுபடி வீடு கட்ட ஆரம்பித்தது.

நண்பருக்குப் பதில்

வீடு அரசிடம் இருக்க வேண்டுமா, தனியாரிடம் இருக்க வேண்டுமா என்றுதான் இந்த விவாதம் வழக்கமாகப் போகும். நானும் அந்தக் கேள்வியோடுதான் படிக்க ஆரம்பித்தேன். இப்போது அது பாதிக் கேள்வி என்று படுகிறது. மிச்சப் பாதி, கட்டடத்தைப் பற்றி யார் கூடி முடிவெடுப்பது, எடுத்த முடிவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது. பத்திரம் கொடுப்பது ஒரு நாள் வேலை. அறுபது குடும்பங்கள் கூடி ஒரு கூரையைச் சரிசெய்யப் பழகுவதற்குச் சட்டம், கடன் வசதி, நிறையச் சலிப்பூட்டும் கூட்டங்கள், பொறுமை எல்லாம் வேண்டும். எஸ்டோனியா அதைப் பத்திரம் கொடுத்த சூட்டோடு ஆரம்பித்தது. ரஷ்யா பதினான்கு வருடம் தள்ளிப்போட்டது. அந்த இடைவெளியில் கட்டடங்களும் கெட்டன, அண்டை வீட்டுக்காரர்மேல் இருந்த நம்பிக்கையும் கெட்டது. இரண்டாவதைச் சரிசெய்ய எந்த வங்கியும் கடன் தராது.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் கேட்டது, "அப்ப அந்தப் படத்துல இருக்கிற அம்மாவுக்குக் கடைசியில லாபமா, நஷ்டமா?" என்று.

யோசித்துத்தான் சொன்னேன். லாபம்தான். கொம்முனால்காவிலிருந்து வந்தவருக்குத் தனி வீடு, பிறகு அதன் மேல் சொந்தப் பத்திரம், கஷ்ட காலத்தில் தலைக்கு மேல் கூரை. ஆனால் அந்தக் கூரை ஒழுக ஆரம்பித்தபோது யாரிடம் போய்ச் சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அவருடைய பேரனுக்கோ பாட்டியின் வீட்டைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. மாஸ்கோவா, வோர்குட்டாவா, தார்த்துவா என்பது தெரியாமல் இதற்கு மேல் சொல்ல முடியாது. அந்த இதழில் ஊர்ப் பெயர் இருந்த மூலையைக் கரையான் தின்றிருந்தது.